தங்கவயலில் பொங்கல்

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் உள்ள ஆண்டர்சன்பேட்டையில் பொங்கல் வைக்கும் வீடுகளில் பலவும் அறுவடையைப் பார்த்து நாலைந்து தலைமுறை ஆகிறது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கச் சுரங்கம் வெட்டத் தொடங்கியபின், வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து வந்து சேர்ந்தவர்களின் வாரிசுகள் இவர்கள். வந்தவர்களில் பலருக்குச் சொந்த ஊரிலும் காணி கிடையாது. அறுத்ததெல்லாம் அடுத்தவர் வயலில். இருந்தும் லைன் வீட்டு வாசலில் கல் கூட்டி, மஞ்சள் கொத்து கட்டிய பானையை ஏற்றுவதை விட்டுவிடவில்லை. பக்கத்துக் கன்னட வீட்டிலிருந்து எள், வெல்லம், வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கொப்பரை கலந்த எள்ளு-பெல்லா வரும். இங்கிருந்து சர்க்கரைப் பொங்கல் போகும்.

மாட்டுப் பொங்கல் கதை நமக்குத் தெரிந்ததுதான். மனிதர்களைத் தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும், மாதம் ஒருமுறை சாப்பிடவும் சொல்லிவிட்டு வா என்று சிவன் நந்தியைப் பூமிக்கு அனுப்பினார். நந்தி மாற்றிச் சொல்லிவிட்டது: சாப்பாடு தினமும், எண்ணெய்க் குளியல் மாதம் ஒருமுறை. இத்தனை வாய்க்கும் சோறு யார் விளைவிப்பது? நீயே போய் ஏர் இழு என்று சிவன் சபித்துவிட்டார். வாய் தவறியதற்கு வம்சத்துக்கே வேலை! கொஞ்சம் அதிகமான தண்டனைதான். இங்கிருந்த சுரங்கங்களில் ஒன்றுக்கு நந்திதுர்க்கம் என்று பெயர். சாம்பியன் ரீஃப் என்ற இன்னொரு சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே, அனல் பாறைக்கு நடுவே துளை போட்டவர்கள் எந்தச் செய்தியையும் மாற்றிச் சொன்னவர்கள் அல்லர்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இன்னொரு கதையும் கிடைத்தது. தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றிய தமிழ்ப் பௌத்தத்தின் முன்னோடி அயோத்திதாசர், போகியையும் சங்கராந்தியையும் புத்தரோடு சேர்த்துப் படித்தார். போகி அவருக்குப் போதிப் பண்டிகை. 1914இல் அவர் மறைந்தபின், அவருடைய 'தமிழன்' இதழைப் பின்னாளில் அதே பௌத்த இயக்கத்தைச் சேர்ந்த அப்பாதுரையார் கோலார் தங்கவயலிலிருந்தே நடத்தினார். பண்டிகைக்கு அயோத்திதாசர் தந்த விளக்கத்தை வரலாற்றாசிரியர்கள் ஏற்பார்களா என்பது வேறு விஷயம். நிலமில்லாதவனுக்கும் பண்டிகையில் பங்குண்டு என்று சொன்ன கதை அது. சுரங்கத் தொழிலாளிக்கு நந்தி கதையைவிட நெருக்கமாக இருந்திருக்கும்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. பிழைப்புக்கு இப்போது மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூரு போகிறார்கள். கர்நாடகத்தில் சங்கராந்திக்கு ஒரு நாள்தான் அரசு விடுமுறை. மாட்டுப் பொங்கலுக்கு வீட்டில் இருக்க வேண்டுமானால் லீவு போட வேண்டும். தினக்கூலிக்காரருக்கு அன்றைய கூலி போய்விடும்.