விசைப்பலகையில் ரூபாய்க் குறி

ரசீதில் 500 என்று மட்டும் இருக்கிறது. அது 500 ரூபாயா, 500 கிராமா? முன்னால் ₹ குறி இருந்தால் சந்தேகமே வராது.

இந்தக் குறியை வரைந்தவர் உதயகுமார். இந்திய அரசு 2010 ஜூலையில் இதை ஏற்றது. இந்தியாவில் விற்கும் பல விசைப்பலகைகளில் 4 என்ற விசையிலேயே இது அச்சாகி இருக்கிறது. ஆனால் அமுக்கினால் குறி வருவதில்லை. கணினி அமெரிக்க ஆங்கில முறையில் இருப்பதே காரணம்.

வேர்டு மென்பொருளில் இதற்கு ஒரு வழி உண்டு. 'இன்சர்ட்' பகுதியில் 'சிம்பல்' பட்டியலைத் திறக்க வேண்டும். ₹ குறியைத் தேடித் தொட வேண்டும். பிறகு 'ஷார்ட்கட் கீ' பொத்தானை அழுத்த வேண்டும். கன்ட்ரோல், ஆல்ட், 4 மூன்றையும் சேர்த்து அமுக்கி, 'அசைன்' கொடுத்தால் போதும். இனி அந்த மூன்று விசைகளும் ₹ குறியைத் தரும்.

ரூபாய்க்கு 'ஆர்' தானே பொருத்தம் என்று தோன்றும். ஆனால் கன்ட்ரோல், ஆல்ட், ஆர் சேர்ந்தால் ஏற்கெனவே ® குறி வரும். கன்ட்ரோல், எஸ் பக்கம் போகவே கூடாது. அது வேலையைச் சேமிக்கும் விசை. அதை மாற்றிவிட்டால் என்ன ஆகும்? சேமிப்பதாக நினைத்து அமுக்குவார்கள். திரையில் ₹ விழும். கணக்கு சேமிப்பாகாது. மின்சாரம் நின்றால் எழுதியது போயிற்று! விசைகளை அமுக்கியதும் அவை வேறு எதற்காவது உரியவையா என்று அந்தப் பெட்டியே காட்டும். அதைப் படித்த பிறகே 'அசைன்' கொடுக்க வேண்டும்.

பழைய எழுத்துருக்களில் ₹ கிடையாது. அங்கே வெறும் கட்டம் தெரிந்தால் எழுத்துருவை மாற்ற வேண்டும்.