மஞ்சூருக்குச் செவ்வாய்க்கிழமை போனால் என்ன?

கோவையிலிருந்து நீலகிரி மலையில் இருக்கும் மஞ்சூருக்கு இரண்டு வழிகள். மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி என்று எல்லாரும் ஏறும் வழி ஒன்று. காரமடையில் பிரிந்து வெள்ளியங்காடு, முள்ளி, கெத்தை வழியாக ஏறுவது மற்றொன்று. இந்த இரண்டாவது பாதையில் 43 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பெரும்பகுதி காடு. யானை எந்த வளைவில் நிற்கும் என்று அரசுப் பேருந்து ஓட்டுநருக்கே தெரியாது. குந்தா பகுதி மக்களுக்கும் மின்வாரிய ஊழியர்களுக்கும் மட்டும் பழகியிருந்த இந்தப் பாதையில் இப்போது சனிக்கிழமை காலையானால் கார்கள் வரிசை கட்டுகின்றன. வருகிறவர்களில் பலர் சரவணம்பட்டியிலும் விளாங்குறிச்சி டைடல் பார்க்கிலும் வெள்ளி இரவு வரை கணினி முன் இருந்தவர்கள். ஞாயிறு இரவுக்குள் திரும்ப வேண்டும், திங்கள் காலை மீட்டிங் இருக்கும், இடையில் ஏதாவது ஒரு ஆன்லைன் கோர்ஸின் அசைன்மென்டுக்குக் கெடு வேறு.

மஞ்சூர் பஜாரில் ஒரு சனிக்கிழமை முற்பகலில் பார்த்த காட்சி இது. பனிமூட்டம் இறங்கிவிட்டிருந்தது. டீக்கடை பெஞ்சில் ஓர் இளைஞர் மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துக்கொண்டு, காதில் இயர்போனுடன் யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் ஒரே வாக்கியத்தை மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. சாலையோரம் நின்ற காரில் மனைவியும் குழந்தையும். குழந்தை கண்ணாடியில் படிந்த ஆவியில் விரலால் கோடு போட்டு விளையாடியது. அவர் வாங்கி வைத்த டீயில் ஆடை படிந்துவிட்டது.

அந்த இளைஞருக்கு நேரத்தைத் திட்டமிடத் தெரியவில்லை என்று சொல்லிவிடுவது எளிது. அது அநியாயம் என்று நினைக்கிறேன். வாரத்தின் இரண்டு நாட்கள் மீது நாம் ஏற்றியிருக்கும் சுமைதான் கோளாறு. அலுவலகத்தில் மிஞ்சிய வேலை, பதவி உயர்வுக்கான படிப்பு, குடும்பத்தோடு வெளியூர்ப் பயணம் என மூன்றையும் சனி, ஞாயிறுக்குள் திணிக்கிறோம். அவை அதில் அடங்காது. எதை எங்கே நகர்த்தலாம் என்பதைப் பார்ப்போம்.

முதலில், சட்டம் நமக்குக் கொடுத்திருப்பது என்ன? இந்தியாவில் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு தானாகக் கிடைத்துவிடவில்லை. பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே வருடக்கணக்கில் போராடியதன் பலனாக, 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினார்கள். தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு வைத்து, வாரத்தில் முழுதாக ஒரு நாள் விடுமுறை தரச் சொல்கிறது. கவனியுங்கள், ஒரு நாள்தான். சனிக்கிழமை விடுமுறை பல நிறுவனங்களில் அவர்களாகப் பின்பற்றும் வழக்கம். வங்கிகளுக்குக்கூட 2015 செப்டம்பர் முதல்தான், அதுவும் மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் மட்டும் விடுமுறை. அதனால்தான் சனிக்கிழமை எப்போதும் பறிபோகும் நிலையிலேயே இருக்கிறது. ‘ஒரு சின்ன கால்’ என்று மேலாளர் கூப்பிட்டால் மறுக்க நமக்குச் சட்டத்தில் பிடிமானம் குறைவு.

வேலை நேரம் முடிந்தபின் அலுவலக அழைப்பை எடுக்காமல் இருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்டில் கொண்டுவந்தது. இங்கே அதே உரிமைக்காகச் சுப்ரியா சுலே மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. மாறாக, வாரத்துக்கு 70 மணி நேரம், 90 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று பெரிய தொழிலதிபர்கள் பேசியதுதான் 2023-லும் 2025-லும் நம்மிடையே விவாதமானது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வை அந்த விவாதத்தில் பலரும் மறந்துவிட்டார்கள். வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல். இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் கூடுதல்.

அரை மணி நேரப் படிப்பு

வேலையில் இருந்துகொண்டே படிப்பவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அரசு ஊழியர்களுக்குத் தகுதிகாண் பருவத்தை முடிக்கவும் பதவி உயர்வுக்கும் துறைத் தேர்வுகள் இருக்கின்றன. வங்கி ஊழியர்கள் எழுதும் ஜெஏஐஐபி தேர்வு பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வரும். பொறியாளர்கள் நாடுவது என்பிடெல். சென்னை ஐஐடி உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் இந்த இணைய வகுப்புகளைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். மதிப்பெண்ணில் 25 பங்கு வாராந்திர அசைன்மென்டுகளுக்கு, 75 பங்கு தேர்வுக்கு.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. என்பிடெல்லின் 12 வார வகுப்பு என்பது சுமார் 30 மணி நேரப் பாடம். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். ‘எல்லாத்தையும் சண்டே உட்கார்ந்து பாத்துக்கலாம்’ என்று ஒதுக்கினால், அந்த ஞாயிறின் ஒரு பொழுது முழுதாகப் போய்விடும். அதையே திங்கள் முதல் வெள்ளி வரை பிரித்தால் நாளுக்கு அரை மணி நேரம்தான். காந்திபுரத்திலிருந்து அலுவலகத்துக்குப் பேருந்தில் போகும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இப்படிப் பிரிப்பதால் நேரம் மிச்சமாவதோடு படித்ததும் நிற்கும். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். ஒரே மூச்சில் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, இடைவெளி விட்டுப் பல நாட்களில் படித்தால் குறைந்த உழைப்பிலேயே நினைவில் தங்குகிறது என்பது அவர் கண்டது. பின்னால் வந்த ஏராளமான ஆய்வுகளும் அதையே உறுதி செய்தன. ஆகவே படிப்பை வார நாட்களுக்கு நகர்த்துங்கள். சனி, ஞாயிறின் தோளிலிருந்து முதல் சுமையை இறக்கிவிடலாம்.

அசைன்மென்ட் பாக்கியோடு மலை ஏறுகிறவர் மலையையும் பார்ப்பதில்லை, பாடத்தையும் முடிப்பதில்லை. ஓய்வு என்பது உடம்பு வேறிடத்தில் இருப்பது மட்டுமல்ல. வேலைக்குப் பிந்தைய ஓய்வை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் சபீனே சோனன்டாக், சார்லட் ஃபிரிட்ஸுடன் சேர்ந்து 2007-ல் அதை நான்கு கூறுகளாக வகுத்தார். மனம் வேலையை விட்டு விலகுவது ஒன்று. தளர்ந்து இருப்பது இன்னொன்று. மூன்றாவது, வேலைக்குச் சம்பந்தமில்லாத புதிய ஒன்றைப் பழகித் தேறுவது. நான்காவது, பொழுதை என்ன செய்வது என்ற முடிவு தன் கையில் இருப்பது. மூன்றாவதைப் பலர் எதிர்பார்க்க மாட்டார்கள். கற்பதும் ஓய்வின் பகுதிதான்! ஆனால் அது கெடுவும் மதிப்பெண்ணும் இல்லாத கல்வியாக இருக்க வேண்டும். கெத்தை காட்டில் பறவைகளைப் பெயர் சொல்லி அடையாளம் காணப் பழகுவது அந்த வகை. தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் அனுமதி கேட்டு, கொழுந்து வாடவைக்கப்பட்டு, உருட்டப்பட்டு, நொதித்து, உலர்ந்து தூளாவதை நின்று பார்ப்பதும் அந்த வகைதான்.

வருடத்துக்கு ஒருமுறை பத்து நாள் லீவு போட்டுப் பெரிய டூர் போனால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. விடுமுறையால் வரும் தெம்பு எத்தனை நாள் நிற்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஜெசிகா டி ப்ளூம் குழுவினர், வேலைக்குத் திரும்பிய இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் அது கரைந்துவிடுவதாக 2009-ல் எழுதினார்கள். அப்படியானால் சிறிய விடுமுறைகள் அடிக்கடி வேண்டும். அது எல்லாருக்கும் ஒரே சனிக்கிழமையில் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நீலகிரியே சாட்சி.

மலை தாங்குமா?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் கோடைக்காலத்துக்கு ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று உச்சவரம்பும் வந்தது. வார நாட்களில் 6,000, வாரக் கடைசியில் 8,000. உள்ளூர் வாகனங்களுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு உண்டு. சனி, ஞாயிறில் 2,000 வண்டிகளைக் கூடுதலாக அனுமதிக்க வேண்டியிருந்தது, நம் எல்லாருடைய விடுமுறையும் ஒரே நாளில் விழுவதால்தான்.

இதில் அடிபடுவது சுற்றுலாப் பயணி மட்டும் அல்ல. மஞ்சூர், கீழ்குந்தா, கிண்ணக்கொரை பக்கத்து இளைஞர்கள் நிறையப் பேர் கோவையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு வெள்ளி இரவுப் பயணம் ஊருக்குப் போவது. அம்மா கையால் சாப்பிடப் போவது. அதே இரவில் அதே சாலையில் நம் கார்கள் நிரம்பினால் அவர்கள் வீடு சேரும் நேரம் தள்ளிப்போகிறது. பச்சைத் தேயிலை பறிப்பவர்களுக்கோ சனி, ஞாயிறு என்ற கணக்கே வேறு. கொழுந்து முற்றிவிட்டால் தரம் போச்சு, விலையும் போச்சு. சனிக்கிழமை மதியம் நாம் படம் எடுக்கும் தேயிலைச் சரிவில் அந்தப் பெண்கள் முதுகில் மூட்டையோடு எடை போடும் இடத்துக்கு நடந்துகொண்டிருப்பார்கள்.

விடுமுறையை முறை வைத்துப் பிரித்துக்கொள்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1950-களில் கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடாவின் உதவியோடு தொடங்கிய குந்தா நீர்மின் திட்டத்தின் மின்நிலையங்கள் மஞ்சூரைச் சுற்றித்தான் இருக்கின்றன. மின்சாரத்துக்கு ஞாயிறு கிடையாது. ஷிப்ட் ஊழியர்களின் வார ஓய்வு ஆளுக்கொரு நாளாக மாறிமாறி வரும். செவ்வாய்க்கிழமை ஓய்வு என்றால் அன்றுதான் அந்த வீட்டில் ஞாயிறு. கணினி வேலை செய்யும் நிறுவனங்கள் இதைச் செய்ய முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஞாயிறு வேலை பார்த்தவருக்கு ஈடுசெய் விடுப்பு உடனே வார நாளில் கிடைத்தால், அவர் செவ்வாய் காலை மஞ்சூரில் இருக்கலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது கடினம்தான். அவர்களுக்குச் சனி, ஞாயிறை விட்டுக்கொடுக்கவாவது மற்றவர்கள் வார நாளைத் தேர்ந்தெடுக்கலாம்.

போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். ஒரே பயணத்தில் எமரால்டு, அவலாஞ்சி, அப்பர் பவானி, கிண்ணக்கொரை எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்காதீர்கள். அப்பர் பவானி பக்கம் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. அன்னமலை முருகன் கோவில் ஒன்றே ஒரு காலைப்பொழுதுக்குப் போதும். தென்மேற்குப் பருவமழையில் குந்தா பக்கம் கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. அப்படிப்பட்ட நாட்களில் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. கெத்தை வழியே இறங்குவதானால் மதியச் சாப்பாட்டை முடித்ததும் கிளம்புங்கள், இருட்டுமுன் காரமடையைத் தொடுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் முதல், இரண்டாவது கியரில் இறங்குங்கள். யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், லைட்டைப் பளிச்சிடாமல், தள்ளி நின்று காத்திருங்கள். கோவையிலிருந்து இந்தப் பாதையில் அரசுப் பேருந்தும் உண்டு. அதற்கு இ-பாஸ் தேவையில்லை, ஓட்டும் அலுப்பும் இல்லை.

அலுவலகத்தில் குழுவை நடத்துபவர்கள் செய்யக் கூடியது இன்னும் எளிது. மாதத் தொடக்கத்தில் பத்துப் பேரின் பெயரை எழுதி, ஆளுக்கொரு வார நாளை எதிரே குறித்துவிடுங்கள். அன்று அவருக்கு யாரும் போன் செய்யக் கூடாது. அவர் வேலையை யார் பார்ப்பார் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். என்பிடெல் தேர்வோ துறைத் தேர்வோ இருக்கும் மாதத்தில் அந்தப் பெயருக்கு நேரே மலைப் பயணம் வேண்டாம். தேர்வுக்கு முந்தைய வெள்ளிக்கிழமையைக் கொடுங்கள்.