கழுவினால் துருப்பிடிக்குமா?

வடசென்னையில் பல மொட்டைமாடிகளை இரண்டு பேருடைய ஆசை பங்கு போட்டுக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் வெண்டை, தக்காளி, புதினா என்று தொட்டிகள். இன்னொரு பக்கம் காயலான் கடையிலிருந்து வந்து சேர்ந்த இரும்பு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தொட்டிகள் என்னுடையவை, இரும்பு என் வீட்டுக்காரருடையது. பிடி போன மண்வெட்டி, தேய்ந்த களைக்கொத்து, ஸ்பிரிங் இறுகிப்போன செடி வெட்டும் கத்தரி, ஏதோ ஒரு பட்டறை மேஜையில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்திருந்த கனமான வைஸ் என்று எடை போட்டு வாங்கி வருவார். இந்தப் பகுதியில் பழைய கருவிக்குப் பஞ்சமே இல்லை. 1856-ல் ராயபுரத்துக்கு ரயில் வந்தது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் தொழிற்சாலை போட்டது. 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு வந்தது. ஃபிட்டரும் டர்னரும் தலைமுறையாகக் குடியிருக்கும் தெருக்கள் இவை. அப்பா காலமாகி, பிள்ளைகள் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட்ட வீட்டில் கருவிப்பெட்டி ஒருநாள் காயலான் கடைக்கு வந்துவிடுகிறது.

மாடியின் இந்த இரண்டு பக்கத்துக்கும் வரும் நோய் ஒன்றுதான். செடியில் இலை நுனி கருகுகிறது, இரும்பில் துரு ஏறுகிறது. இரண்டையும் செய்வது உப்பு. இரண்டுக்கும் மருந்து உப்பில்லாத தண்ணீர். செடிக்குத் தண்ணீர் மருந்து என்றால் யாரும் தலையாட்டுவார்கள். இரும்புக்கும் அதுதான் என்றால் நம்பமாட்டார்கள். அது ஏன் என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். டீ ஆறுவதற்குள் புரிந்துவிடும்.

முதலில், கடல் உப்பு மாடிக்கு எப்படி ஏறுகிறது? கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஆனால் கடல் ஆவியாகும்போது நீர் மட்டும்தான் மேலே போகும், உப்பு கடலிலேயே தங்கிவிடும். அது காற்றில் ஏறுவது அலை உடையும்போது. நுரையிலுள்ள குமிழ்கள் வெடிக்கையில் கண்ணுக்குத் தெரியாத துளிகள் தெறிக்கின்றன. அவற்றைக் கடற்காற்று ஊருக்குள் கொண்டுவருகிறது. பெரிய துளிகள் சீக்கிரம் கீழே விழுந்துவிடுவதால் கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்குத்தான் அடி அதிகம்.

இதில் வடசென்னைக்குக் கூடுதலாக ஒரு கஷ்டம் இருக்கிறது. நம் கரையில் அலைகள், ஆண்டு முழுவதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டதும் அந்த மணல் தெற்கே தேங்கி மெரினாவை அகலமாக்கியது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. ராயபுரத்துக்கு வடக்கே கரை அரித்து அரித்து, கடைசியில் கருங்கல் கொட்டித் தடுக்க வேண்டியதாயிற்று. அகன்ற மணல்வெளி இருக்கும் ஊரில் அலை தூரத்திலேயே உடைந்து தணிந்துவிடும். இங்கே வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் பாறையில் மோதிச் சிதறுகிறது. திருவொற்றியூரில் கடலோரச் சாலையில் பைக்கில் போய்விட்டு வந்து கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள், விரலில் பிசுபிசுக்கும்.

அந்தப் பிசுபிசுப்புதான் அடுத்த படி. ஐப்பசி மழையில் சமையலறைக் கல்லுப்பு ஜாடியைத் திறந்தால் அடியில் நீர் கோத்திருக்கும். யாரும் ஊற்றவில்லை, உப்பே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டது. மண்வெட்டியின் மேல் படிந்த உப்பும் அதையேதான் செய்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, கரையத் தொடங்கும். கடல் உப்பில் கொஞ்சம் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்குச் சுமார் 33 சதவீதமே போதும். சென்னைக் காற்று அவ்வளவு காய்வது அபூர்வம். ஆகவே பார்வைக்குக் காய்ந்திருக்கும் கருவியின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் ஒன்று ஏறக்குறைய எப்போதும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் படலத்துக்கு அடியில்தான் துரு பிறக்கிறது. இரும்பின் ஒரு புள்ளி எலக்ட்ரான்களை விட்டுக்கொடுத்துக் கரைகிறது. பக்கத்தில் இன்னொரு புள்ளியில், காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே ஈரத்தின் வழியாக மின்சாரம் ஓடியாக வேண்டும். மழைநீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. உப்புநீர் நன்றாகக் கடத்தும். உப்பிலுள்ள குளோரைடு இன்னொரு வேலையும் செய்கிறது: இரும்பின் மேல் தானாக உண்டாகும் காப்புப் படலத்தைத் துளைக்கிறது. துருவை உண்டாக்கிய பிறகும் அது தீர்ந்துபோவதில்லை. விடுபட்டு அடுத்த இடத்தில் அதே வேலையைத் தொடங்குகிறது. துருவின் மேலேயே பெயின்ட் அடித்த கேட் அடுத்த வருஷமே கொப்புளம் கொப்புளமாக உரிவதற்கு முக்கியக் காரணம், உள்ளே மாட்டிக்கொண்ட இந்தக் குளோரைடு.

இப்போது எல்லோரும் தவறாக நினைத்திருக்கும் இடத்துக்கு வந்துவிட்டோம். “இரும்பைத் தண்ணியில காட்டாதே, துருப்பிடிச்சிடும்” என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். அதனால் மண்வெட்டியைத் துணியால் துடைத்து, மழை படாத மாடிப்படிக்குக் கீழே பத்திரமாக வைக்கிறோம். ஆறு மாதம் கழித்து எடுத்தால் செதில் செதிலாகத் துரு. “ஒரு சொட்டு மழைகூடப் படலியே, எப்படி?” என்று குழம்புகிறோம். மழை படாததுதான் காரணம். உப்பு கலந்த காற்று படிக்குக் கீழேயும் போகிறது, அதைக் கழுவும் மழை மட்டும் அங்கே போவதில்லை.

சந்தேகமாக இருந்தால் உங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைப் பாருங்கள். கடலைப் பார்த்த ஜன்னலாக இருந்தால் நல்லது. மழை நேராக அடிக்கும் கீழ்க் கம்பிகளைவிட, சன்ஷேடுக்கு அடியில் நனையாமல் ஒளிந்திருக்கும் மேல் கம்பிகள் பெரும்பாலும் அதிகம் அரித்திருக்கும். கம்பியின் மேல்பக்கத்தைத் தடவிவிட்டு அடிப்பக்கத்தைத் தடவினால் சொரசொரப்பு கூடியிருக்கும். பைக்கிலும் அப்படித்தான். சீட்டுக்கு அடியிலுள்ள போல்ட்தான் முதலில் போகும்.

இரும்பின் மேல் ஈரம் இருக்கிறதா என்பதோடு, எத்தனை மணி நேரம் இருக்கிறது, எந்த ஈரம் என்பதையும் பார்க்கவேண்டும். நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் சாய்த்து வைத்த மண்வெட்டி கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். கழுவாமல் வைத்தது ராத்திரி முழுக்க உப்பு ஈரத்தில் ஊறும், மறுநாளும் ஊறும். துணியால் துடைத்தால் உப்பில் பாதி போகலாம், மீதி சந்துகளிலும் துருவின் துளைகளிலும் தங்கிவிடும். எண்ணூர் பக்கம் நிலக்கரித் தூளும் சாம்பலும் வேறு சேர்ந்துகொள்கின்றன. அவையும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள்கள்.

சரி, காயலான் கடையில் ஒரு பழைய கத்தரியோ களைக்கொத்தோ கையில் கிடைக்கிறது, வாங்கலாமா? துருவின் பருமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். துரு, தான் தின்ற இரும்பைப்போலச் சில மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து வீங்கிக் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுவது இதனால்தான். ஆகவே ரூபாய் நாணயத்தின் தடிமனுக்குத் துரு ஏறியிருந்தாலும், போன இரும்பு அதைவிட மிகக் குறைவு. சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். மணிபோலக் கணீரென்றால் உள்ளே இரும்பு திடமாக இருக்கிறது. மொத்தென்று கேட்டால் விரிசலோ ஆழ்ந்த அரிப்போ இருக்கலாம். மெல்லிய தகட்டுச் சாமான்களுக்கு இந்த ஆறுதல் கிடையாது. பொத்தல் விழுந்த பூவாளியைக் கடையிலேயே விட்டுவிடலாம்.

வீட்டுக்கு வந்ததும் மரப்பிடியைக் கழற்றிவிட்டு, முதலில் நல்ல தண்ணீரில் ஊறவைக்கவேண்டும். தண்ணீரை இரண்டு மூன்று தடவை மாற்றுங்கள், உப்பு வெளியேற நேரம் பிடிக்கும். பிறகு கெட்டியான புளித்தண்ணீரிலோ வினிகரிலோ ஒரு ராத்திரி. புளியிலிருக்கும் டார்ட்டாரிக் அமிலம் துருவைக் கரைக்கும், இரும்பை அவ்வளவாகத் தொடாது. ஆனால் நாள்கணக்கில் விட்டுவிடக் கூடாது. காலையில் எடுத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த நீரில் முக்கி அமிலத்தை முறித்து, கடைசியாக ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். அலசிய கையோடு ஒரு மெல்லிய செம்பழுப்பு படரும், அதற்குக் கலங்க வேண்டாம். துடைத்து, வெயிலில் சூடேறும்வரை காயவைத்து, சூட்டோடு தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலைப் பூசும் பழக்கம் பட்டறையில் உண்டு. கீரைத் தொட்டியைக் கிளறப்போகும் கருவிக்கு அது வேண்டாம்.

உப்பை வெளியே எடுக்காமல் உலோகத்தைக் காப்பாற்ற முடியாது என்பதை அருங்காட்சியகத்துக்காரர்கள் நன்றாக அறிவார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-ல் ஒரு வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கியது. பொறுப்பேற்றவர் எஸ். பரமசிவன். அங்கே வந்த செப்புத் திருமேனிகளுக்கும் எதிரி இதே குளோரைடுதான். மண்ணுக்குள் நூற்றாண்டுகள் கிடந்தபோது உள்ளே இறங்கியிருந்த அது, ஈரக்காற்றுப் பட்டதும் பச்சைப் பொடியாக வெடித்து அரிக்கத் தொடங்கும். மேலே மெருகு போட்டு மறைப்பதால் பயனில்லை. மின்சாரம் செலுத்தியும் திரும்பத் திரும்பக் கழுவியும் குளோரைடை வெளியேற்றினார்கள். சோழர் காலத்து நடராஜருக்குச் செய்ததை நாம் நம்முடைய களைக்கொத்துக்குச் செய்கிறோம்.

இனி மாடியின் என் பக்கத்துக்கு வருவோம். மண்ணில் உப்பு ஏறிவிட்டால், தொட்டி ஈரமாக இருந்தாலும் செடி தாகத்தில் வாடும். வேர் தண்ணீரை இழுப்பது, வேருக்குள் இருக்கும் சாறு மண்ணின் நீரைவிட அடர்த்தியாக இருப்பதால்தான். மண்நீரில் உப்பு கூடக் கூட அந்த இழுப்பு குறைகிறது. இலை நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகுகின்றன. நாம் அதைத் தாகம் என்று நினைத்துப் போரிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறோம். ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் பல போர்களில் தண்ணீர் உவர்ப்பு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உப்பு இருக்கும் தண்ணீரை, அடியில் வடியாதபடி தினமும் 2 லிட்டர் ஒரு தொட்டியில் ஊற்றினால், நாளைக்கு 4 கிராம், மாதத்துக்கு 120 கிராம் உப்பு சேர்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்புக்குப் போக இடமில்லை. மண்தொட்டியின் வெளிச்சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பது பெரும்பாலும் இந்த உப்புதான்.

இதற்கும் கழுவுவதுதான் வழி. நல்ல தண்ணீரை, அடித்துளையில் வழிந்து ஓடும்வரை நிறைய ஊற்றவேண்டும். தினமும் வாயை நனைப்பதுபோல் தெளிப்பதைவிட அவ்வப்போது இப்படி ஒருமுறை ஆழமாக ஊற்றுவது மேல். வடியும் நீர் தரையில் காய்ந்து மறுபடி தொட்டிக்கு ஏறாமல் குழாய்க்குப் போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இலைகளையும் விடியற்காலையில் அலசிவிடலாம். தென்னை நார்க்கழிவுக் கட்டி வாங்கினால், கலப்பதற்கு முன் ஊறவைத்துப் பிழிந்து அலசுவது அவசியம். அதிலேயே உப்பு இருக்கும்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கி நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தருவதற்கென்று 2010-ல் ஓர் ஆலையே திறக்கவேண்டியிருந்த பகுதி இது. குடிக்கும் தண்ணீரைத் தொட்டியில் கொட்ட யாருக்கும் மனம் வராது. ஏ.சி. குழாயில் சொட்டும் நீர் காற்றிலிருந்து குளிர்ந்து வடிந்தது, உப்பு மிகக் குறைவு. ஒரு வாளி வைத்துப் பிடித்தால் கருவி அலசவும் தொட்டி கழுவவும் அருமையாக உதவும். மாறாக, ஆர்.ஓ. எந்திரம் வெளியே தள்ளும் நீரை வீணாக்கக் கூடாதென்று செடிக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. அந்த எண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் உள்ளே போன உப்பெல்லாம் அடர்ந்து வெளியே வரும் நீர் அது. போர்த் தண்ணீர் ஓடும் வீட்டில் அதை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாச் செடியும் உப்புக்கு ஒரேமாதிரி பணிவதில்லை. பீன்ஸ், வெங்காயம், கேரட் மூன்றும் கொஞ்சம் உப்புக்கே சுணங்கிவிடும். தக்காளி ஓரளவு தாங்கும், பீட்ரூட் நன்றாகத் தாங்கும். ஆகவே சுணங்குகிற வகைகளை, வடகிழக்கு மழை தொட்டிகளை ஒருமுறை முழுக்க அலசிவிட்ட பிறகு, கார்த்திகைக் கடைசியில் விதைப்பது நல்லது. கிழக்குப் பக்கம் ஒரு நிழல்வலையைக் கட்டிவிட்டால் காற்றில் வரும் உப்பில் ஒரு பங்கு அதிலேயே தங்கிவிடும், அதையும் மாதத்துக்கொரு தடவை அலசவேண்டும். தை பிறந்ததிலிருந்து அடுத்த மழைக்காலம் வரை வானம் நமக்காகக் கழுவித்தருவது குறைவு. அந்த மாதங்களில் வேலை முடிந்ததும் மண்வெட்டிக்கு ஒரு செம்பு நல்ல தண்ணீர், கொஞ்சம் வெயில், ஒரு சொட்டு எண்ணெய்.