கவுன்சலிங் போவதா, வேண்டாமா?

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் ஓடிவிட்டால், அதை வெறும் சோர்வு என்று மருத்துவர்கள் விட்டுவிடுவதில்லை. நம் வீடுகளில் கணக்கே வேறு. ஜாதகம் பார்த்து, வேலையை மாற்றி, ‘ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா சரியாயிடும்’ என்ற யோசனையும் வந்துபோன பிறகுதான் கவுன்சலிங் பேச்சு எழும். அவ்வளவு தூரம் விட வேண்டியதில்லை. இரண்டு வாரமாகியும் வேலையோ படிப்போ தடுமாறினால் போய்ப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே போங்கள்.

யாரிடம் போவது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர், மாத்திரை எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத மாட்டார், பேச்சுவழிச் சிகிச்சை தருவார். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்டியிருப்பவர்களில் முறையாகப் படித்தவர்களும் உண்டு, வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவர்களும் உண்டு. எனவே பணம் கட்டும் முன்பே கேளுங்கள்: என்ன படித்தீர்கள், பதிவு எண் என்ன, ஒரு அமர்வுக்கு எவ்வளவு? இதைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. கேட்டதற்கே முகம் சுளிக்கிறவரிடம் மனதைத் திறந்து என்ன பயன்?

முதல் அமர்வு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை போகும். தூக்கம், பசி, வீட்டு நிலவரம், குடி, முன்பு எடுத்த சிகிச்சை எனக் கேள்விகள் வரும். தற்கொலை எண்ணம் உண்டா என்றும் நேராகவே கேட்பார்கள். பதற வேண்டாம், எல்லோரிடமும் கேட்பதுதான். நம் ஊரில் குடும்பமே அறைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அம்மா மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருப்பார், மகன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பான். விவரம் தெரிந்தவர், “கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்கம்மா, தம்பிகிட்டப் பேசிட்டுக் கூப்பிடுறேன்” என்பார். அப்படிச் சொல்லாவிட்டால் நீங்களே கேட்கலாம். முதல் நாளிலேயே மனபாரம் இறங்கிவிடாது. சிலருக்கு அன்று அழுகைதான் மிஞ்சும். மூன்று நான்கு அமர்வுகளுக்குப் பிறகும் ஒட்டவில்லையென்றால் ஆளை மாற்றுங்கள். மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயத்துக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. மாமியாரோ மேலாளரோ கேட்டார் என்று எடுத்துக் கொடுக்க முடியாது. விதிவிலக்கும் உண்டு: யாருடைய உயிருக்காவது ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்றவை. குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். உங்கள் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்கவும் உரிமை உண்டு. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே மனநலப் பராமரிப்புச் சட்டம் கருதுகிறது. ஆகவே போலீஸ் கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரியைத் தவிர்க்காதீர்கள்.

உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று சொல்வதும் அதே சட்டம்தான். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பணம் தரும். அமர்வுக் கட்டணம் கைக்காசுதான். அதைக் கட்ட முடியாதவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 1794-இல் தொடங்கிய அரசு மனநலக் காப்பகம் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இன்றும் இயங்குகிறது.

சிகிச்சையில் தவறு நடந்தால் மருத்துவர் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும், சைக்காலஜிஸ்ட் மீது மறுவாழ்வு கவுன்சிலிலும் புகார் தரலாம். பதிவே இல்லாத கவுன்சலர் என்றால் நுகர்வோர் ஆணையம்தான் கதி. பதிவு எண்ணை முதலிலேயே கேட்கச் சொன்னது அதற்காகத்தான். தொட்டுப் பேசுவது, தனிப்பட்ட உறவுக்கு அழைப்பது சிகிச்சையே அல்ல. நேரே காவல் நிலையம் போங்கள்.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழையுங்கள். கட்டணம் இல்லை, நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.