கேமிங் மானிட்டர் வாங்கும் முன்: வேகமா, தெளிவா?



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என நம் ஊர்களில் பரீட்சை முடிந்த பிள்ளைகள் பெற்றோரிடம் கேட்கும் பொருள்களில் ஒன்று கேமிங் மானிட்டர். "144 ஹெர்ட்ஸ் வேண்டும்" என்கிறான் பிள்ளை. "4கே எடுங்கள், படம் கண்ணாடி போல இருக்கும்" என்கிறார் கடைக்காரர். இரண்டும் என்னவென்று தெரியாத தந்தை, விலை கூடியதே நல்லது என்று எண்ணி வாங்கிவிடுகிறார். அப்படிக் கூடுதலாகக் கொடுத்த பணம் பல நேரங்களில் எந்தப் பயனும் தராமல் போகிறது.

கணினி விளையாட்டு கூடுமா, கூடாதா என்பது தனித் தலைப்பு. தொழுகையைத் தவறவிடாமல், சூதும் ஆபாசமும் கலக்காமல் என்ற எல்லைகளை வகுத்துப் பிள்ளைகளை அனுமதித்திருக்கும் பெற்றோருக்காகவே இந்த விளக்கம்.

வேகம் என்பது என்ன?

திரையில் நாம் பார்ப்பது ஓடும் படம் அல்ல. அடுத்தடுத்து மாறும் நிலைப்படங்கள். ஒரு வினாடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்பதே ஹெர்ட்ஸ் கணக்கு. சாதாரண மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். அதில் ஒரு படம் சுமார் 16.7 மில்லி வினாடி நிற்கும். 144 ஹெர்ட்ஸில் 6.9 மில்லி வினாடி. 240 ஹெர்ட்ஸில் 4.2 மில்லி வினாடி.

இந்தக் கணக்கைக் கவனியுங்கள். 60இலிருந்து 144க்குப் போகும்போது ஒவ்வொரு படத்திலும் சுமார் 10 மில்லி வினாடி மிச்சமாகிறது. ஓடும் எதிராளி மங்கலாகத் தெரியாமல் தெளிவாகத் தெரிவதைப் பிள்ளையால் உணர முடியும். 144இலிருந்து 240க்குப் போனால் மிச்சமாவது 3 மில்லி வினாடிக்கும் குறைவு. போட்டிகளில் பங்கேற்கும் ஆட்டக்காரருக்கு அது பயன்படலாம். வீட்டில் விளையாடும் பிள்ளைக்கு அந்த வித்தியாசத்துக்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

தெளிவு என்பது என்ன?

திரையில் உள்ள புள்ளிகளின், அதாவது பிக்சல்களின் எண்ணிக்கையே ரெசொல்யூஷன். ஃபுல் எச்டி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். கியூஎச்டி எனப்படும் 1440பி திரையில் சுமார் 36.9 லட்சம். 4கே திரையில் சுமார் 82.9 லட்சம்.

எண்ணிக்கையோடு திரையின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 24 அங்குலத்தில் ஃபுல் எச்டி போதுமான தெளிவு தரும். அதையே 27 அங்குலத்தில் வாங்கினால் புள்ளிகள் பெரிதாகி எழுத்து சற்றே பிசிறும். அரபி வாசகத்தை அதில் திறந்து பாருங்கள். ஜபர், ஜேர், பேஷ் குறிகள் எழுத்தோடு ஒட்டிக்கொண்டது போலத் தெரியும். 27 அங்குலம் வேண்டுமென்றால் கியூஎச்டிக்குக் கீழே இறங்காதீர்கள்.

இரண்டும் ஏன் சேர்ந்து வருவதில்லை?

மானிட்டர் படத்தைக் காட்டுகிறது. அதை வரைவது கணினியின் கிராஃபிக்ஸ் கார்டு. 4கே திரைக்கு ஒவ்வொரு முறையும் ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு புள்ளிகளை அது வரைய வேண்டும். நடுத்தர கார்டு திணறி, வினாடிக்கு 40, 50 படங்களுக்கு இறங்கிவிடலாம். அப்போது மானிட்டர் 144 ஹெர்ட்ஸாக இருந்தும் பயனில்லை. எனவே மானிட்டரின் விலையைக் கேட்கும் முன், வீட்டுக் கணினியில் என்ன கார்டு இருக்கிறது, பிள்ளை விளையாடும் விளையாட்டில் அது வினாடிக்கு எத்தனை படம் தருகிறது என்று கேளுங்கள்.

பெட்டியில் எழுதியிருப்பதை நம்பலாமா?

தோல் வியாபாரம் தெரிந்தவர்கள் கட்டின் மேலே இருக்கும் ஒரு தோலை மட்டும் பார்த்து விலை பேசமாட்டார்கள். விரித்து, தடவி, முன்பின் புரட்டிப் பார்த்துத்தான் தரம் பிரிப்பார்கள். மானிட்டருக்கும் அந்தக் கண் வேண்டும்.

"1 எம்எஸ்" என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும். புள்ளி ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாறும் நேரம் அது. பல மாடல்களில் மிக உயர்ந்த ஓவர்டிரைவ் அமைப்பில் மட்டுமே அந்த எண் கிடைக்கும். அந்த அமைப்பை வைத்தால் நகரும் உருவத்தின் பின்னால் வெள்ளை நிழல் விழும். பேனல் வகையும் முக்கியம். விஏ பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும். ஆனால் விலை குறைந்த மாடல்களில் இருட்டுக் காட்சிகள் இழுபடும். ஐபிஎஸ் பேனலில் நிறமும் வேகமும் ஓரளவு சமநிலையில் இருக்கும்.

தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியைக் கண்டித்த நிகழ்வை நாம் அறிவோம். குறையைச் சொல்லி விற்பது விற்பவரின் கடமை. கேட்டுத் தெரிந்துகொள்வது வாங்குபவருக்கு அழகு.

யாருக்கு எது?

வேகமான துப்பாக்கி விளையாட்டு, கால்பந்து, கார் பந்தயம். நடுத்தரக் கணினி: 24 அங்குலம், ஃபுல் எச்டி, 144 முதல் 180 ஹெர்ட்ஸ். இதற்கு மேல் செலவு தேவையில்லை.

வீட்டுக்கே ஒரு திரைதான். அதில் மகளின் கல்லூரிப் பாடம், தந்தையின் பில் கணக்கு, அண்ணனின் ஷூ டிசைன், தம்பியின் விளையாட்டு எல்லாம் நடக்க வேண்டும்: 27 அங்குலம், கியூஎச்டி, ஐபிஎஸ், 100 முதல் 165 ஹெர்ட்ஸ். நம் பகுதிக் குடும்பங்கள் பலவற்றுக்கும் பொருந்துவது இதுதான். டிசைன் வேலை இருந்தால் எஸ்ஆர்ஜிபி நிறப்பரப்பை எத்தனை சதவீதம் காட்டுகிறது என்றும் கேளுங்கள்.

பிஎஸ்5 வைத்திருப்பவர்கள்: 4கேயில் 120 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் மானிட்டரிலோ டிவியிலோ எச்டிஎம்ஐ 2.1 இருக்க வேண்டும். 2022 முதல் பிஎஸ்5 கியூஎச்டி திரைக்கும் நேரடியாகப் படம் தருகிறது. பிஎஸ்4 மட்டும் இருந்தால் 60 ஹெர்ட்ஸுக்கு மேல் வாங்குவது வீண். வீட்டு டிவியில் ‘கேம் மோடு’ இருந்தால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்; பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அசைவதற்கும் இடையிலான தாமதம் குறையும். புதிய செலவே தேவைப்படாமல் போகலாம்.

போனில் மட்டும் விளையாடும் பிள்ளைக்கு மானிட்டரே தேவையில்லை.

வாங்கும்போதும் வாங்கிய பின்னும்

ஆம்பூரில் ரயிலேறினால் ஒரு பக்கம் சென்னை ரிச்சி தெரு, மறுபக்கம் பெங்களூரு எஸ்.பி. ரோடு. எங்கே வாங்கினாலும் திரையைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். செத்த புள்ளி இருந்தால் மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். பில்லும் வாரண்டியும் இல்லாமல் வாங்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டர், டிவிகளின் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துள்ளது. பில்லில் அதைச் சரிபாருங்கள்.

வீட்டில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை மாட்டினாலும் விண்டோஸ் அதை 60 ஹெர்ட்ஸிலேயே ஓட்டிக்கொண்டிருக்கலாம். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் போய் மாற்ற வேண்டும். பழைய எச்டிஎம்ஐ 1.4 இணைப்பில் 4கே படம் 30 ஹெர்ட்ஸைத் தாண்டாது. மானிட்டருடன் வந்த டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

எந்த அறையில் வைப்பது?

திருக்குர்ஆன் வீண்விரயத்தைக் கண்டிக்கிறது. விலை கூடிய பொருளை வாங்குவதெல்லாம் விரயம் அல்ல. பயன்படாத ஒன்றுக்குப் பணம் கொடுப்பதே விரயம். தம் கார்டு வரைய முடியாத 4கேயும், பிள்ளையின் கண் உணராத 240 ஹெர்ட்ஸும் அந்த வகை.

பணத்தைவிடப் பெரிய விரயம் நேரம். மானிட்டரைப் பிள்ளையின் தனி அறையில் வைக்காமல் எல்லோரும் நடமாடும் கூடத்தில் வையுங்கள். என்ன விளையாடுகிறான், எவ்வளவு நேரம் என்பது கேட்காமலே தெரியும். இரவு இஷாவுக்குப் பின் திரையை அணைக்கும் நேரத்தைக் குடும்பமாகப் பேசி முடிவு செய்யுங்கள். ஃபஜ்ருக்கு எழுவது எளிதாகும்.

2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இ-ஸ்போர்ட்ஸுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். 2025 ஆகஸ்ட்டில் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரித்து, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. சூது ஹராம் என்பதை நம் மார்க்கம் முன்பே சொல்லிவிட்டது. பிள்ளையின் கணக்கில் பணம் கட்டும் செயலி ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது, மானிட்டரின் ஹெர்ட்ஸ் எத்தனை என்று பார்ப்பதைவிட அவசியம்.

நம் பிள்ளைகளின் பார்வையிலும் நேரத்திலும் கல்வியிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.