மனிதனுக்கு விலை உண்டா?

நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் அடங்கிய கப்பதோக்கியாவில், நிசா நகரின் ஆயராக இருந்தவர் கிரகோரியார். விவிலியத்தின் சபை உரையாளர் நூலை அவர் தொடர் மறையுரைகளில் விளக்கி வந்தார். அந்நூலில் பேசும் அரசர் தன் செல்வங்களை அடுக்கும்போது, விலைக்கு வாங்கிய அடிமைகளையும் கணக்கில் சேர்க்கிறார். கிரகோரியாரின் வாதம் அங்கே சூடு பிடிக்கிறது. கடவுளின் சாயலுக்கு யார் விலை குறிப்பது? உலகையே கொடுத்தாலும் ஈடாகாததை எந்தக் காசுக்கு வாங்குவது? சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருந்த, அடிமை இல்லாத பெரிய வீடே இல்லாத உலகில் எழுந்த கேள்வி இது.

அந்த வாதத்தின் வேர் விவிலியத்தின் தொடக்க நூலின் முதல் அதிகாரத்தில், கடவுள் மனிதரைத் தம் சாயலில் படைத்தார் என்ற சொற்களில் இருக்கிறது. எகிப்திலும் மெசப்பொத்தேமியாவிலும் தெய்வத்தின் சாயல் என்பது பெரும்பாலும் அரசருக்கு உரிய பட்டம். தொடக்க நூல் அதை ஆண், பெண் அனைவருக்கும் உரியதாக்கியது. 'நான் யார்?' என்ற கேள்விக்குக் கிறிஸ்தவ மெய்யியல் தரும் விடை இதிலிருந்தே புறப்படுகிறது. மனித மதிப்பு படைப்பிலேயே கொடுக்கப்பட்டது. செல்வமோ சாதனையோ அதைக் கூட்டுவதில்லை, தோல்வி அதைக் குறைப்பதும் இல்லை.

அப்படியானால் கிறிஸ்தவ நாடுகளே அடிமை வணிகம் செய்தது எப்படி என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1452இல் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ், கிறிஸ்தவர் அல்லாதோரை நிரந்தர அடிமைகளாக்கப் போர்ச்சுகல் அரசருக்கு அனுமதி அளித்தார். 1537இல் திருத்தந்தை மூன்றாம் பவுல், அமெரிக்கப் பழங்குடியினர் உண்மையான மனிதர்கள், அவர்களின் விடுதலையைப் பறிக்கக் கூடாது என்று அறிவித்தார். கொள்கை இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இந்த வரலாறே சான்று. ஆனால் அந்தத் தவற்றைத் தவறு என்று திருச்சபைக்கு உள்ளிருந்தே சொல்ல ஓர் அளவுகோலைத் தந்ததும் அதே கொள்கைதான்.

சாயல் என்பது பகுத்தறிவு என்றால், பச்சைக் குழந்தைக்கும் நினைவிழந்த முதியவருக்கும் அது இல்லையா என்பது அடுத்த ஐயம். முதல் மனிதர் முதல் கடைசி மனிதர் வரை மானிடம் முழுவதும் சேர்ந்ததே அந்தச் சாயல் என்கிறார் கிரகோரியார். அப்படிப் பார்த்தால், திறமையை அளந்து எவரையும் அதிலிருந்து விலக்க இடமில்லை.

கடவுளை நம்பாதவரும் மனித மாண்பைப் போற்ற முடியும். 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் கடவுளின் பெயரைச் சொல்லாமலேயே அதை நிலைநாட்டியது. இருந்தாலும், உழைக்கவும் சிந்திக்கவும் முடியாமல் போன மனிதருக்கு எதை வைத்து மதிப்பு என்ற கேள்விக்கு எந்தத் தத்துவமும் விடை சொல்லியாக வேண்டும். பயனைக் கொண்டு மனிதரை அளக்கும் எந்த விடையும் அவர்களைக் கைவிட்டுவிடும். மாண்பு ஈட்டப்படுவதில்லை, பெறப்படுகிறது என்ற கிறிஸ்தவ விடை, நம்பிக்கையாளரும் நம்பாதவரும் ஆழ்ந்து பரிசீலிக்கத் தக்கது.