காட்டுப் பயணத்துக்கும் அடக்க விலை உண்டு

ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்கினால், பில்லில் உள்ள விலையை நாம் அடக்கம் என்று சொல்வதில்லை. லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கழிவு எல்லாம் சேர்த்த பிறகே கிலோ என்ன விழுகிறது என்று பார்க்கிறோம். கடையில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், வெளிநாட்டுப் பயணம் என்று வந்தால் மட்டும் ஏஜெண்ட் சொன்ன தொகையையே அடக்கம் என்று நம்பி விடுகிறோம்.

2025 ஆடியில் நாமும் சம்பந்தி வீட்டாருமாக நான்கு பேர் தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவுக்குப் போய் வந்தோம். நாற்பது ஆண்டுகள் கடையும் வீடுமாகவே இருந்துவிட்ட நம் இல்லத்தரசிக்கு யானைக் கூட்டத்தைக் காட்டிலேயே பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆசை நிறைவேறியது. கணக்குதான் இடித்தது. அந்த அனுபவம் நம் வணிக நண்பர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

எந்தச் சரக்கு, என்ன விலை?

குரூகர் 1926ல் தேசியப் பூங்காவானது. பரப்பு ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் சுமார் ஏழில் ஒரு பங்கு. இங்கே வாடகைக் கார் எடுத்து நாமே ஓட்டிச் சுற்றலாம். வண்டி நம் ஊர் போலவே இடது பக்கம்தான் போகிறது. பூங்காவின் சொந்த முகாம்களில் சமையல் வசதியுள்ள குடில்கள் கிடைக்கின்றன. ஓரத்தில் உள்ள தனியார் காடுகளிலோ சாப்பாடு, ஜீப், வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஒரே விலை; அது பல மடங்கு. சபி சாண்ட் என்ற தனியார் காட்டுக்கும் குரூகருக்கும் நடுவே இருந்த வேலியை 1993லேயே எடுத்து விட்டார்கள். சிங்கம் இரண்டு பக்கமும் நடக்கிறது. சரக்கு ஒன்று, பாக்கெட் வேறு.

பக்கத்து நாடான போட்ஸ்வானா, குறைந்த ஆட்கள், கூடுதல் விலை என்பதையே கொள்கையாக வைத்திருக்கிறது. ஒகவாங்கோவின் பல முகாம்களுக்குச் சிறு விமானத்தில்தான் போக முடியும். அந்த விலையை இதோடு ஒப்பிடக் கூடாது.

பங்கு போடும் செலவு, போட முடியாத செலவு

கார் வாடகை, பெட்ரோல், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து போகும் வழியில் சுங்கம் ஆகியவை நான்கு பேருக்கும் பங்காகும். விமான டிக்கெட், விசா, இன்சூரன்ஸ், பூங்காக் கட்டணம் தலைக்குத் தலை. இந்தக் கடைசி இனத்தில்தான் நாம் ஏமாந்தோம். குடில் வாடகையில் எல்லாம் அடக்கம் என்று நினைத்தோம். தினசரிக் கட்டணம் தனி. வெளிநாட்டவருக்கு அந்நாட்டுக் குடிமக்களைப் போல நான்கு மடங்கு. அப்போது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 500 ரேண்டுக்கு மேல். நான்கு பேர், ஐந்து நாள், 10,000 ரேண்டைத் தாண்டியது. நம் பணத்தில் சுமார் 50,000 ரூபாய் கணக்கிலேயே இல்லாமல் வந்து நின்றது. இந்தக் கட்டணத்தை ஆண்டுதோறும் நவம்பரில் திருத்துகிறார்கள். புதிய பட்டியலைப் பார்த்தே கணக்குப் போடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத கழிவுகள்

கார் கம்பெனி முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் நிறுத்தி வைக்கும். அது செலவல்ல, ஆனால் அதுவரை அந்த வரம்பு நமக்குப் பயன்படாது. வெளிநாட்டில் கார்டு தேய்த்தால் பல வங்கிகள் 3 சதவீதத்துக்கு மேல் பிடிக்கின்றன. ரூபாயா, ரேண்டா என்று கேட்டால் ரேண்ட் என்றே சொல்லுங்கள். பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். பிடிப்பார்கள். வருமான வரியில் கழித்துக் கொள்ளலாம் என்றாலும் அதுவரை முடங்கிய முதல்தான்.

டிக்கெட் மலிவு என்று அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து போனால், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஊசியைப் பத்து நாள் முன்பே போட வேண்டும். திரும்பும்போதும் அந்த நாடுகளில் வெளியே தங்கிச் சான்று இல்லாமல் வந்தால், நம் நாட்டில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த விதி உண்டு. ஆறு நாள் கடை அடைப்பின் விலையை டிக்கெட்டில் கூட்டிப் பாருங்கள். குரூகரில் மலேரியாவும் உண்டு. புறப்படுமுன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

எப்போது போவது?

ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே மழையில்லாத குளிர்காலம். இலை உதிர்ந்து, விலங்குகள் தண்ணீருக்கு வரும், கொசுவும் குறைவு. நமக்கும் ஆடி மந்தம். இரண்டும் பொருந்துகின்றன. ஆனால் ஜூலையில் அவர்கள் பள்ளி விடுமுறை நாட்களைத் தவிர்க்க வேண்டும். குடில்களை மாதக் கணக்கில் முன்பே பதிவு செய்வது நல்லது.

ஆடிக்குப் பின்னால் தீபாவளிக் கொள்முதல் நிற்கிறது என்பதை நாம் மறந்தோம். கொள்முதல் பணத்திலிருந்து எடுத்துப் போனோம். கணக்கில் வராத செலவுகளுடன் கார்டு பில்லும் சேர்ந்து வந்தபோது, கடலைப் பருப்புக்கும் ரவைக்கும் வட்டிக்கு வாங்க வேண்டியதாயிற்று. அந்தத் தீபாவளி லாபத்தில் ஒரு பகுதி வட்டிக்கே போயிற்று.

ஆகவே பயணத்துக்கென்று தனிப் பேரேட்டுப் பக்கம் திறந்து, இரண்டு ஆண்டு மாதாமாதம் ஒதுக்குங்கள். போட்ட அடக்கத்தின் மேல் பத்துக்கு ஒன்று கூடுதலாக வையுங்கள். சுழலும் முதலைத் தொடாதீர்கள். யானையைப் பார்த்த முகம் இன்றும் நம் வீட்டில் மலர்ந்தே இருக்கிறது. அதற்காகக் கொடுத்த வட்டியை மட்டும் நீங்கள் கொடுக்க வேண்டாம்.